மண்ணுக்குள் வைத்த வில்லைகள்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ரயிலில் ஏறி வடமேற்காகச் சென்றால் ஐந்தாவது நிலையம் யஷ்வந்தபுரம். 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி இப்பாதை திறக்கப்பட்டது. சீட்டுக்குப் பதிலாகக் கையில் கொடுத்த சிறு வட்ட வில்லையைக் காட்டி உள்ளே நுழைந்த மக்கள், இறங்கிய இடத்தில் அதைத் திரும்பப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அதே யஷ்வந்தபுரத்தில் 1891ஆம் ஆண்டில், வேறொரு ரயில் பாதை வேலைக்காக மண்ணை வெட்டியபோது, வேறொரு காலத்து வட்டங்கள் அகப்பட்டன. எண்ணிப் பார்த்ததில் 163. அத்தனையும் ரோமாபுரியின் வெள்ளிக் காசுகள். அகஸ்டஸ் முதல் கிளாடியஸ் வரை ஆண்ட சக்கரவர்த்திகளின் தலை பொறித்தவை. பின்னர் 1965இல், நகரின் கிழக்குப் புறத்தில், விமானத் தொழிற்சாலையை ஒட்டிய நிலத்தில் இன்னொரு தொகுதி கிடைத்தது. அதில் 256 காசுகள். ஆக ஒரே நகரத்து மண்ணில் 419 ரோமானியக் காசுகள்!

மிளகுக்கும் முத்துக்கும் மணிகளுக்கும் ஈடாக மேலைக் கடற்கரையில் இறங்கிய வெள்ளி, மலை ஏறி இந்த மேட்டு நிலம் வரை வந்திருக்கிறது. இந்திய வாணிபத்தால் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நம் நாட்டை விட்டுப் போகிறதே என்று ரோமானிய அறிஞர் பிளினி நொந்துகொண்டதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பெருமூச்சுக்கு யஷ்வந்தபுரத்து மண் ஒரு சாட்சி கூறிற்று.

இந்த 163 என்ற எண்ணைச் சற்றே கவனியுங்கள். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எண்ணை நாம் சொல்ல முடிகிறது. கண்டெடுத்தவை சிதறிப்போகுமுன் யாரோ அவற்றை எண்ணி, எந்த அரசர் காலத்தவை என்று பிரித்து, எழுதி வைத்தார்கள். இதற்கு நேர்மாறானது 1847ஆம் ஆண்டு, மலையாளத்தில் கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் நடந்தது. அங்கே வெளிப்பட்டவை ரோமானியப் பொற்காசுகள். எத்தனை? ஐந்து கூலியாட்கள் சுமக்கும் பாரம் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு மேல் திட்டமான கணக்கில்லை. ஊரார் கையில் போனது, விற்றது, தட்டான் உலையில் உருகியது போக எஞ்சியவை திருவிதாங்கூர் மகாராஜா போன்ற சிலரிடம் சேர்ந்தன. தென்னாட்டில் வெளிப்பட்ட மிகப் பெரிய ரோமானியப் புதையல்களுள் ஒன்று, இவ்வாறு சுமைக் கணக்காக நின்றுவிட்டது. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கிடைத்த பொற்காசுகளோ 501 என்று துல்லியமாகத் தெரியும். அவற்றுள் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. காசாகச் செல்லாமல் உலோகமாக மட்டும் கொள்ளவேண்டும் என்பதற்காக வெட்டினார்கள் என்பது அறிஞர் கருத்து. தனியே ஒரு காசு கிடைத்திருந்தால் அது பழுதுபட்ட காசு என்றுதான் எண்ணியிருப்போம். ஐந்நூறும் ஒன்றாக இருந்தமையால் அன்றோ அது ஒரு வழக்கம் என்று விளங்கியது!

இவையெல்லாம் பிற்காலத்தாருக்கென்று வைத்தவை அல்ல. திரும்ப வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்தவை. பிற்காலத்தை எண்ணியே மண்ணில் வைக்கும் வழக்கமும் உண்டு. அதற்குக் காலப்பேழை என்று பெயர் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அப்பெயர் 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியை ஒட்டிப் பிறந்தது. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார் 1938இல் புதைத்து, 6939ஆம் ஆண்டில் திறக்கவேண்டும் என்று விதித்த அந்தப் பேழையில் அமெரிக்க நாணயங்களும் இருக்கின்றன. நமக்கு இது முற்றிலும் புதிது என்று சொல்வதற்கில்லை. கோயில் கட்டுங்கால் கருப்பநியாசம் என்ற சடங்கில், அறைகள் வகுத்த ஒரு பேழைக்குள் மணிகளும் உலோகங்களும் தானியங்களும் மண் வகைகளும் இட்டு அடித்தளத்தில் வைப்பார்கள். அதைத் தோண்டிப் பார்ப்பதற்காக வைப்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

தலைநகரிலும் ஒரு பேழை வைத்தார்கள். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி, செங்கோட்டையில், சுதந்திர இந்தியாவின் 25 ஆண்டு வரலாற்றை உள்ளடக்கிய காலபாத்திரம் ஒன்றைப் பிரதமர் இந்திரா காந்தி மண்ணில் இறக்கினார். அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் வந்தது. ஆயிரம் ஆண்டு இருக்கட்டும் என்று வைத்த பேழையை, ஆட்சி மாறியதும், 1977ஆம் ஆண்டு டிசம்பரில் தோண்டி எடுத்துவிட்டார்கள். நாலரை ஆண்டுகூட அது உறங்கவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தார் செய்தது வேறு விதம். அங்கே மாகாண அரசு மாளிகையின் மூலைக்கல்லின் கீழ் 1795இல் வைத்து, 1855இல் ஒரு முறை எடுத்துத் திரும்ப வைத்த பெட்டியை 2015ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்தார்கள். பழைய காசுகள், வாஷிங்டன் உருவம் பொறித்த பதக்கம், செய்தித்தாள்கள், ஒரு வெள்ளித் தகடு ஆகியவை இருந்தன. 1652ஆம் ஆண்டைப் பொறித்த பைன் மரக் காசு ஒன்றும் அதில் கிடைத்தது. ஏலத்தில் விட்டால் நல்ல விலைக்குப் போகக்கூடியது அது. ஆனால் அவற்றை மக்கள் பார்வைக்கு வைத்துப் பின் அதே ஆண்டில், புதிய நாணயங்களையும் உடன் சேர்த்து, அதே கல்லின் கீழ் வைத்துவிட்டார்கள். வைத்தவர்களின் எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய மதிப்பு வேறில்லை என்பது என் கருத்து.

காசைப் பற்றி இவ்வளவு சொன்னேன். வில்லைக்கு வருவோம். காசுக்கு ராஜ முத்திரை உண்டு. உருக்கினாலும் பொன் பொன்தான். வில்லைக்கு, அதாவது டோக்கன் என்று எல்லாரும் சொல்லும் பொருளுக்கு, அதை வெளியிட்டவர் வாக்கைத் தவிர வேறு மதிப்பு கிடையாது. ஆலையோ தோட்டமோ மூடிய மறுநாள் அது பித்தளைத் துண்டு, தகரத் துண்டு. ஆகவேதான் பழைய பாத்திரக் கடைத் தராசுக்கு முதலில் போய்ச் சேருகிறது.

ஆயினும் பிழைப்புத் தேடி வெளியே சென்ற தமிழனின் சரித்திரம் பொற்காசில் இருப்பதைவிட இந்தத் துண்டுகளிலேதான் மிகுதியாக இருக்கிறது. இலங்கையில் காப்பி ஓங்கியிருந்த சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், கொழும்பிலே காப்பிக் கொட்டை பதம் செய்யும் ஆலைகளில், செய்த வேலைக்கு அளவாக வில்லைகள் கொடுத்தார்கள். பின்னர் அவற்றைக் காசாக மாற்றிக்கொள்ளலாம். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பி அழிந்தது, வில்லைகள் எஞ்சின. லோஸ்லி என்ற ராணுவப் பொறியியல் அதிகாரி 1895ஆம் ஆண்டில் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதியபோது இவற்றையும் விடாமல் சேர்த்து விவரித்தார். அதனால் அவை வரலாற்றில் இடம் பெற்றன.

அதன் பிறகு தேயிலைக் காலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது தகரச் சீட்டு என்ற முறை வந்தது. புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்வார்கள். வழிச் செலவு, முகாமில் சோறு, கப்பல் கூலி எல்லாம் அந்த வில்லையைப் பார்த்து உரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். திருச்சி, சேலம், ராமநாதபுரம் சீமைகளிலிருந்து சென்ற எத்தனையோ குடும்பங்கள் இப்படி எண்ணாக மாறிக் கடல் கடந்தன.

ஸ்ரீராம்புரத்துத் தமிழர்களுக்கு இது அயலான செய்தி ஆகாது. மல்லேசுவரம் பக்கத்து மைசூர் நூற்பாலையும், பின்னி கம்பெனியார் பின்னர் எடுத்து நடத்திய பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலையும் 1884இல் தோன்றியவை. அந்த ஆலைகளின் சங்கொலி கேட்டு எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தத் தெருக்களில் வாழ்கிறார்கள். ஆலைகள் போய்விட்டன. ஆனால் வீட்டை இடித்துக் கட்டும்போதோ, பழைய அஸ்திவாரத்தைத் தோண்டும்போதோ, ஒரு தகர டப்பாவில் எண் பொறித்த வில்லைகள் கிடைத்தால் என்ன செய்வது? விற்பதா, கொடுப்பதா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, நிலத்திலோ நிலத்தோடு பொருந்திய எதிலுமோ மறைந்திருந்து கிடைக்கும் பொருள், மதிப்பில் பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். அன்று பத்து ரூபாய் பெரும் தொகை. இன்றோ ஒரு பிடி பித்தளையே அதைத் தாண்டிவிடும். சட்டம் இயற்றியவர்கள் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்! உரிமையாளர் இல்லை என்று விசாரணையில் தீர்ந்தால், வேறு உடன்பாடு இல்லாவிடத்து, கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசாங்கம் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கவேண்டும். மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. கர்நாடகத்துக்கு 1962ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே அங்குள்ளவர்கள் அதன் விதிகளை உள்ளூர் அதிகாரியிடம் கேட்டறிவது நலம். பள்ளியோ சங்கமோ தானே வைத்த காலப்பேழையானால், அது வைத்தவர்களுக்கே உரியது. எடுத்தவருக்கு அதில் விற்கும் உரிமை இல்லை.

மேலும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் முதலிய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அவற்றில் வியாபாரம் செய்பவர் உரிமம் பெறவேண்டும். பழைய காசுக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஏமாறவேண்டாம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடந்ததால், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவ்வங்கி எச்சரிக்கை விடுத்தது.

சட்டத்துக்கு உட்பட்டு விற்பதைக் குறை கூற நான் வரவில்லை. மகளின் கல்யாணச் செலவுக்கு முன் பாட்டனின் பித்தளை வில்லை பெரிதல்ல. ஆனால் விற்றாலும் கொடுத்தாலும், டப்பாவைக் கண்ட அன்றே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. எந்தத் தெரு, எந்தச் சுவர், எத்தனை அடி ஆழம், உடன் என்ன இருந்தது, மொத்தம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, ஒரு படமும் எடுத்து வைத்துவிடுங்கள். பளபளப்பாக்கப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; பொறிப்புத் தேய்ந்தால் திரும்ப வராது. கூடியமட்டும் முழுத் தொகுதியையும் ஒரே இடத்தில் சேர்ப்பது நல்லது.

காட்சிச்சாலைக்குக் கொடுத்தால் அது இருட்டறைப் பெட்டியில் கிடக்கத்தானே போகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், பல பொருள்கள் அப்படிக் கிடக்கின்றன. ஆனால் பதிவேட்டில் ஏறிய பொருளை ஆராய்ச்சியாளன் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். உருகிய பொருளை ஒருவரும் பார்க்க இயலாது. பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசாங்கக் காட்சிச்சாலை 1865இல் தொடங்கியது. அதற்கு வித்திட்ட எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரே 1851இல் சென்னைக் காட்சிச்சாலையையும் தொடங்கி வைத்தவர். எங்கே கொடுத்தாலும், கொடுத்தவர் பெயரும் எண்ணிக்கையும் கண்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

தகரச் சீட்டில் ஓர் எழுத்து மாவட்டத்தையும், ஓர் எண் தோட்டத்தையும், இன்னோர் எண் ஆளையும் குறித்தன. ஆளின் பெயருக்கு அதில் இடமில்லை. அந்த வில்லையை அணிந்தவர் யார், எந்த ஊரிலிருந்து சென்றார், யாருக்குப் பாட்டனார் என்பதை வீட்டிலுள்ள முதியவர்தான் சொல்ல முடியும். அதையும் அவரிடம் கேட்டு அதே தாளில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.