குறி தவறிய தோட்டா எங்கே போய் நிற்கும்? பெரிய காலிபர் ரைஃபிளைச் சுடும் தளத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் தோட்டா ஒன்று பாய்ந்தது. பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது நடந்த சம்பவம் இது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற சிறுவன், 2022 ஜனவரி 3 அன்று உயிரிழந்தான். தளத்தை மூடச் சொல்லி ஊர் மக்கள் போராடினார்கள்.

தளத்துக்கும் வீட்டுக்கும் சுமார் 2 கி.மீ. "அவ்வளவு தூரமா தோட்டா வரும்?" என்பதுதான் அன்று பலரும் கேட்ட கேள்வி. வரும். அதைவிட அதிக தூரமும் போகும். எப்படி என்று பார்க்கலாம்.

காலிபர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம்தான் காலிபர். ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற ஏர் ரைஃபிளின் காலிபர் 4.5 மி.மீ. ராணுவ வீரர்கள் தோளில் மாட்டியிருக்கும் ரைஃபிள்கள் பெரும்பாலும் 5.56 அல்லது 7.62 மி.மீ.

12.7 மி.மீ. அல்லது அதற்கு மேல் போனால், அது பெரிய காலிபர். ஆட்களை விட வாகனம், ரேடார், பதுங்குகுழி போன்றவற்றைத் தாக்கவே இவை உருவாக்கப்பட்டன. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் 'வித்வன்சக்' இந்த வகைதான். இந்திப் பெயர், அழிப்பது என்று பொருள். 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று குழல்களை இதில் மாற்றிப் பொருத்தலாம்.

குறி வைக்கும் தூரம் வேறு, தோட்டா போகும் தூரம் வேறு

இங்கேதான் பலருக்கும் குழப்பம். 12.7 மி.மீ. ரைஃபிளால் சுமார் 1,800 மீட்டர் வரை குறிபார்த்து அடிக்கலாம். அதற்காகத் தோட்டா 1,800 மீட்டரில் நின்றுவிடாது. குழல் மேல்நோக்கி இருந்தால் 6.5 கி.மீ.க்கு மேலும் பறக்கும். சென்னை சென்ட்ரலில் இருந்து தி.நகர் வரை நேர்கோட்டில் அளந்தால் கிட்டத்தட்ட இவ்வளவு தூரம்தான்! சாதாரண 5.56 மி.மீ. தோட்டாவே 3 கி.மீ.யைத் தாண்டும்.

காரணம் எடையும் வேகமும். 5.56 மி.மீ. குண்டின் எடை சுமார் 4 கிராம். 12.7 மி.மீ. குண்டு சுமார் 45 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்கு 800 மீட்டருக்கு மேல். அதாவது ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். கனமான குண்டு என்பதால் காற்றில் சீக்கிரம் வேகம் குறையாது.

சோதனையில் முதல் ஆபத்து: சுடுபவருக்கு

புதிய துப்பாக்கியை எடுத்ததும் யாரும் தோளில் வைத்துச் சுடுவதில்லை. முதலில் நடப்பது 'புரூஃப்' சோதனை. துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பொருத்துவார்கள். வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு, தடுப்புக்குப் பின்னால் இருந்து சுடுவார்கள். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் சி.ஐ.பி. விதிப்படி, ரைஃபிள்களுக்கு இந்த அழுத்தம் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவைவிட 25 சதவீதம் அதிகம். பிறகு பிரித்துப் பார்த்து, விரிசலோ வீக்கமோ இல்லை என்றால்தான் அடுத்த கட்டம்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? 2021 ஏப்ரலில் 'கென்டக்கி பல்லிஸ்டிக்ஸ்' யூடியூப் சேனலை நடத்துபவர் 12.7 மி.மீ. ரைஃபிளைச் சுட்டபோது, உள்ளே உருவான அழுத்தம் தாங்காமல் துப்பாக்கி வெடித்துச் சிதறியது. உலோகத் துண்டு கழுத்து ரத்தக்குழாயைக் கிழித்தது. காயத்துக்குள் கட்டைவிரலை அழுத்தி ரத்தத்தை நிறுத்தியபடியே மருத்துவமனைக்குப் போனார், உயிர் பிழைத்தார்.

துப்பாக்கி வெடிக்காவிட்டாலும் சத்தம் இருக்கிறது. 140 டெசிபலைத் தாண்டும் திடீர் சத்தம் ஒரே நொடியில் காதைப் பாதிக்கலாம். பெரிய ரைஃபிள்கள் அதையும் தாண்டும். அதனால்தான் காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுக்கவசம் என இரட்டைப் பாதுகாப்பு. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இது கட்டாயம்.

விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லையா? உடனே திறந்து பார்க்கக் கூடாது. சில நேரம் தாமதமாக வெடிக்கும். குழலை இலக்கு பக்கமே வைத்துக்கொண்டு, குறைந்தது 30 நொடி காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து: தளத்துக்கு வெளியே இருப்பவருக்கு

இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கும். குண்டை விழுங்குவது அதன் வேலை. ஆனால் குழல் சில டிகிரி தூக்கினாலே குண்டு மேட்டைத் தாண்டிவிடும். பாறையிலோ இரும்பிலோ பட்டால் தெறித்துத் திசை மாறும். மலை, பாறை இருக்கிற இடம் என்றால் இயற்கையே தடுப்பு என்று நினைப்போம். அதே பாறைதான் குண்டைத் திருப்பியும் விடும்.

எனவே மேடு மட்டும் போதாது. அதற்குப் பின்னாலும், பக்கவாட்டிலும் ஆட்கள் இல்லாத 'அபாயப் பகுதி' வேண்டும். காலிபர் பெரிதானால் அந்தப் பகுதியும் நீள வேண்டும். சுடும்போது சிவப்புக்கொடி ஏற்றுவது, வழிகளில் காவலுக்கு ஆள் நிறுத்துவது எல்லாம் இதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ராணுவத்தின் திறந்தவெளிச் சுடு பயிற்சிக்கு 1938-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு இடத்தை அனுமதிக்கலாம். பயிற்சி நேரத்தில் அபாயப் பகுதிக்குள் மக்கள் நுழையத் தடை விதிக்கலாம். சேதத்துக்கு இழப்பீடும் உண்டு.

இதிலும் மக்கள் குரல் எடுபட்டிருக்கிறது. ஜார்க்கண்டின் நேதர்ஹாட்டில் பழங்குடி மக்கள் சுமார் 30 ஆண்டுகள் போராடினார்கள். 2022 ஆகஸ்டில், அங்குள்ள சுடு பயிற்சித் தளத்துக்கான அறிவிக்கையை நீட்டிப்பதில்லை என மாநில அரசு முடிவெடுத்தது.

உங்கள் ஊர் அருகே தளம் இருந்தால்?

சிவப்புக்கொடி பறந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆடு மாடு மேய்க்கவோ, காலி தோட்டாக்களைப் பொறுக்கவோ குழந்தைகளை அனுப்பாதீங்க. வெடிக்காத தோட்டா கிடந்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்க. வீட்டுச் சுவரிலோ வயலிலோ குண்டு விழுந்தால், "யாருக்கும் ஒன்றும் ஆகலையே" என்று விட்டுவிடாமல் புகைப்படம் எடுத்து, மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்க. இன்று சுவரில் பட்ட குண்டு, அந்தத் தளத்தின் பாதுகாப்பில் ஓட்டை இருப்பதற்கான முதல் ஆதாரம்.