மலைநாட்டுத் தொழிலாளரின் தாடையென்பு: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை ஆராய்வோர் பிரஜாவுரிமை, சம்பளம், தொழிற்சங்கம் ஆகியவற்றையே பெரிதும் எடுத்துரைப்பர். அவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஏடொன்று பல் மருத்துவத்தைச் சார்ந்தது. விழுந்த பல்லின் இடத்தில் செயற்கைப் பல்லை நாட்டுவதற்காகத் தாடையென்பை மீள வளர்க்கும் முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. அவ்வென்பு எவரிடத்தில், எவ்வளவு விரைவாக அழிகின்றது என்னும் வினாவுக்கு மருத்துவ உலகம் பெற்ற விடைகளுள் முதன்மையான ஒன்று, இலங்கை மத்திய மலைநாட்டின் இரு தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிடைத்ததாகும்.

நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர்தம் சகாக்களும் 1965இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆரோக்கியமான முரசுடைய பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவரது முரசும் அழற்சியுற்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அழற்சி மறைந்தது. பல்லிற் படியும் பற்றீரியாப் படலமே முரசு நோய்க்குக் காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று. எனினும், அழற்சி பல்லாண்டுகள் நீடிப்பின் பல்லைத் தாங்கும் என்புக்கு யாது நேரும் என்பது தெளிவாகவில்லை.

இதனை அறியும்பொருட்டு இரு கூட்டத்தினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஒரு சாரார் 1969இல் ஒஸ்லோ நகரிற் சேர்க்கப்பட்ட, கல்வித்துறை சார்ந்த 565 ஆடவர்; சிறுவயது முதலே பல் வைத்திய வசதி பெற்றவர். மறு சாரார் 1970இற் சேர்க்கப்பட்ட, 14 முதல் 31 வயது வரையிலான 480 தமிழ்த் தோட்டத் தொழிலாளர். பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ ஒருபோதும் பெற்றிராதவர். நோயின் போக்கை எவ்வித இடையூறுமின்றி அவதானிப்பதற்கு இந்நிலையே அறிவியலாளருக்குத் தேவைப்பட்டது.

அந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும். அஃது இயற்கையின் செயலன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. தோட்ட மருத்துவம் நீண்ட காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. பல் வைத்தியக் கல்வி 1954இற் பேராதனைக்கு வந்துவிட்டபோதிலும், அதே மத்திய மாகாணத்தின் லயங்களில் வாழ்ந்த இவ்விளைஞர் 1970 வரையில் பல் வைத்தியம் என்பதையே அறியாதிருந்தனர். நோயின் 'இயற்கை வரலாறு' என அறிவியல் பெயரிட்டழைத்தது, உண்மையில் ஒரு சமுதாயம் புறக்கணிக்கப்பட்டதன் வரலாறேயாம்.

1985 வரை ஆறு முறை இத்தொழிலாளர் பரிசோதிக்கப்பட்டனர். 1986இல் வெளியான முடிவுகள் பல் மருத்துவத்தின் போக்கையே மாற்றின. ஏறத்தாழ எல்லாரது முரசும் அழற்சியுற்றிருந்தபோதிலும் கேடு எல்லாருக்கும் ஒரே அளவினதாக இருக்கவில்லை. சுமார் 8 வீதத்தினருக்கு நோய் விரைந்து பரவியது. 81 வீதத்தினருக்கு மிதமாகப் பரவியது. 11 வீதத்தினருக்கு அழற்சிக்கு அப்பாற் செல்லவில்லை. விரைந்து கெட்டோர் 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். மிதமான பிரிவினர் 45 வயதிற் சராசரியாக 7 பற்களை இழந்தனர். இவர்களிடம் சூத்தை அரிதாகவே காணப்பட்டமை நோக்கற்பாலது. சூத்தையற்ற பற்கள், தம்மைத் தாங்கிய என்பு கரைந்தமையால் விழுந்தன. அழுக்கு ஒன்றே காரணமன்று, உடலின் எதிர்வினையும் ஆளுக்காள் வேறுபடும் என்னும் உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இதே காலப்பகுதியில் ஐரோப்பாவில் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. தைத்தேனியம் என்னும் உலோகம் என்புடன் ஒன்றிப் பிணையும் என்பதைக் கண்டறிந்த சுவீடன் அறிஞர் பிறனெமார்க், 1965இல் முதன்முறையாக ஒரு நோயாளியின் தாடையில் அவ்வுலோக வேர்களை நாட்டினார். ஆனால் அவ்வேரைத் தாங்க என்பு வேண்டும். நோயினாற் கரைந்த என்பு தானாக மீள்வதில்லை. பல் விழுந்தபின் எஞ்சியதும் சுருங்கும். என்பு வளரும் முன்னரே விரைந்து வளரும் முரசுத் திசு அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றது. இடையே மெல்லிய சவ்வொன்றை வைத்து அத்திசுவைத் தடுப்பின், ஆறுதலாக வளரும் திசுக்கள் தம் இடத்தைப் பெறும் என்பதை நைமன், லிண்டே முதலியோர் 1982இற் காட்டினர். 1988இல் டாலின் முதலியோர் இம்முறையால் தாடையில் என்பையே மீள வளர்க்கலாமென விலங்குகளில் நிறுவினர். இன்று என்புத் துகளும் சவ்வும் இட்டுப் பல மாதங்கள் காத்திருந்து செயற்கை வேர் நாட்டுதல் வழக்கமாகிவிட்டது.

தோட்டத்திலோ எண்கள் குறைந்துகொண்டே சென்றன. 480 பேருள் 1985இற் பரிசோதிக்கப்பட்டோர் 161 பேர். 2010இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டோர் 75 பேர் மாத்திரமே. நாற்பதாண்டுகளில் அவர்கள் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறியதும், 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலைநாட்டையும் சுட்டதும் இவ்வாய்வின் காலத்திலேயே நிகழ்ந்தன என்பதை மறத்தலாகாது.

என்பை மீள வளர்த்தல் பெரும் பொருட்செலவுடையது. நாட்கூலி பெறுவோர்க்கு எட்டாதது. என்பு கரையாது பெரிதும் காத்தற்கோ ஒரு பல்துலக்கியும், காலத்துக்குக் காலம் பற்காறையை அகற்றும் ஒரு வைத்தியர் கரமுமே போதியவை. மலைநாட்டுத் தொழிலாளரின் தாடையிலிருந்து உலகம் கற்ற பாடமும் இதுவே. பாடத்தைத் தந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதன் பயன் முதலிற் சென்றடைதல் வேண்டும். அது தருமமன்று, தீர்க்கப்படவேண்டிய கடனாகும்.