ஹக்போர்ட் வீதி, 87ஆம் இலக்க வீடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு இதழுக்காக ஓவியர் வின்சென்ற் வான்கோவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். லண்டனில் தாம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்காரியின் மகள் ஊர்சுலாவை அவர் காதலித்தார், அவள் மறுத்துவிட்டாள், அந்த ஏமாற்றமே அவரது வாழ்வைத் திசை திருப்பிற்று என்றெல்லாம் உருக்கமாக எழுதியிருந்தேன். பாராட்டிச் சில கடிதங்களும் வந்தன. எவரும் பிழை சுட்டவில்லை. ஊர்சுலா என்பது மகளின் பெயரன்று, தாயின் பெயர் என்பதை அறிந்துகொள்ள எனக்கு மேலும் பல வருடங்கள் சென்றன. வெட்கத்துக்குரிய விடயம் என்னவென்றால், நான் பேனாவை எடுப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அந்தத் திருத்தம் செய்யப்பட்டுவிட்டது. அதற்கு வழி திறந்தவர் ஒரு தபாற்காரர்.

பிற்பாடு லண்டன் சென்ற ஒரு சந்தர்ப்பத்தில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். ஓவல் நிலையத்தில் இறங்கித் தெற்கே நடக்கவேண்டும். 1998இல் எங்கள் முரளிதரன் ஒரே டெஸ்ட் போட்டியில் பதினாறு விக்கெட்டுகளை வீழ்த்திய மைதானம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால், எவ்வளவு அவசரமாயினும் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடக்க இயலவில்லை. ஹக்போர்ட் வீதி அமைதியானது. ‘ரெறஸ்’ என்று அங்கு சொல்லப்படும் தொடர்வீடுகள், அயலவரோடு பக்கச் சுவர்களைப் பங்கிட்டபடி ஒரே வரிசையில் நிற்கின்றன. 87ஆம் இலக்கமும் அவற்றுள் ஒன்று. விக்ரோறியா மகாராணி 1837இல் அரியணை ஏறுவதற்கு முன்னர், 1820களில் எழுந்த மூன்று மாடி வீடு. ஆனால் அதன் கதை விக்ரோறியா காலத்துக் கதை. சுவரிலே ஒரு நீல வட்டத் தகடு. 1873 - 1874இல் வான்கோ இங்கு வாழ்ந்தார் என்கிறது.

அவர் வந்தபோது அது ஒரு விதவையின் வீடு. திருமதி ஊர்சுலா லோயர் முன்னறையில் சிறுபிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். மேலறைகளை வாடகைக்கு விட்டார். மகள் யூஜெனிக்கு வயது பத்தொன்பது. வான்கோவுக்கு இருபது, அப்போது அவர் ஓவியர் அல்லர், கூப்பில் என்ற ஓவிய வணிக நிறுவனத்தின் லண்டன் கிளையில் ஊழியர். 1873 மே மாதம் லண்டனுக்கு வந்து முதலில் தங்கிய விடுதியில் வாரத்துக்கு 18 சிலிங் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், ஆவணி மாதத்தில் லோயர் வீட்டுக்கு மாறினார். தினமும் வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தைக் கடந்து நடந்தே வேலைக்குப் போய்வந்தார். புதிய அறையின் கூரை சரிந்திருக்கவில்லை என்பதைக்கூடக் கடிதமொன்றில் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டவர், அந்த வீட்டின் விலாசத்தை எழுதிவைக்கவில்லை!

இங்கேதான் தேடுவோருக்குச் சிக்கல். பிரித்தானியாவில் ஒரு பழைய வீட்டில் யார் யார் வாழ்ந்தனர் என்று அறிய விரும்புவோர் முதலில் புரட்டுவது, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பீட்டை. நூறு ஆண்டுகள் பூட்டிவைத்த பின்னரே அந்த ஏடுகளைத் திறப்பார்கள். 1921ஆம் ஆண்டு மதிப்பீடு 2022 தையில்தான் பொதுமக்கள் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் நிகழ்ந்த தீவிபத்தில் முற்றாக அழிந்தன. ஏடுகள் எரிவதென்றால் என்னவென்று யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. வான்கோவோ 1871, 1881 என்ற இரு மதிப்பீடுகளுக்கும் நடுவே வந்து போனவர். ஆகவே அந்த வீட்டின் மிகப் புகழ்பெற்ற குடியிருப்பாளர் அதன் எந்தக் குடிசன ஏட்டிலும் இல்லை. அன்றைய நாடாளுமன்ற வாக்காளர் இடாப்பு ஆண்களுக்கு மட்டுமே உரியது. வீட்டை நடத்திய விதவையை அதிலும் காணமுடியாது.

1971 தையில் பிரித்தானியத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏழு வாரங்கள் நீடித்தது. அந்த ஓய்வு நாட்களில்தான் பிரிக்ஸ்ரன் பகுதித் தபாற்காரரான போல் சால்க்ரொவ்ற் பழைய பதிவேடுகளைத் தோண்டத் தொடங்கினார். தாமும் ஓய்வுவேளைகளில் ஓவியம் தீட்டியவர், வான்கோமீது பெரும் பற்றுக்கொண்டவர். லோயர் என்ற பெயரைப் பின்தொடர்ந்து சென்றவர் இறுதியில் 87ஆம் இலக்கத்தை அடைந்தார். வீட்டு இலக்கங்களோடு வாழும் தொழிலாளி ஒருவருக்கே இந்தப் பொறுமை வாய்க்கும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. 1973இல் லண்டன் பெருநகரசபை அந்த நீலத் தகட்டைப் பதித்தது.

அதே காலத்தில், அம்ஸ்ரர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறக்கப்படவிருந்ததை ஒட்டிச் சஞ்சிகைக் கட்டுரை ஒன்றுக்காகப் புறப்பட்ட கென் வில்கி என்ற ஊடகவியலாளர், யூஜெனியின் பேர்த்தியை டெவன் மாவட்டத்தில் தேடிப்பிடித்தார். அவரிடம் பழைய குடும்பப் படங்களோடு ஒரு சிறு சித்திரமும் இருந்தது. வரிசை வீடுகள் கொண்ட ஒரு வீதி, ஹக்போர்ட் வீதி. வான்கோவின் கைவண்ணமென அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட அது, ஒரு நூற்றாண்டுக் காலம் குடும்பப் பொருட்களோடு பொருளாகக் கிடந்திருக்கிறது. ஒரு கட்டுரைக்காக அவ்வளவு தூரம் போன அந்த மனிதரை நினைக்கும்போது, கொழும்பில் நாற்காலியை விட்டு எழும்பாமலே எழுதிய என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பெயர்க் குழப்பத்தின் ஊற்று, வான்கோவின் தம்பி தியோவின் மனைவி யோஹன்னா. கடிதங்களை 1914இல் பதிப்பித்தபோது, முன்னுரையில் ஊர்சுலா என்று மகளைக் குறிப்பிட்டவர் அவர்தான். அவர்மேல் பழி போட நான் துணியமாட்டேன். 1873இல் அவர் ஒல்லாந்தில் பத்து வயதுச் சிறுமி, குடும்பத்தார் வாய்வழி கேட்டதையே எழுதினார். அவர் இல்லையேல் வான்கோவையே உலகம் அறிந்திராது. ஆனால் அச்சேறிய பிழை அறுபது ஆண்டுகள் நூலுக்கு நூல் தாவிற்று. காதல் கதைக்கும் ஆதாரம் மெலிந்ததே. யூஜெனியும் தாமும் சகோதரன், சகோதரியாகப் பழக உடன்பட்டதாகவே வின்சென்ற் எழுதியிருக்கிறார். யூஜெனி 1878இல் சாமுவேல் பிளவ்மன் என்பவரை மணந்தார். 2002இல் லண்டனில் மேடையேறிய நிக்கலஸ் றைற்றின் நாடகமோ வின்சென்றைத் தாயின்மீதே காதல்கொள்ள வைத்தது. பாவம் திருமதி லோயர்! பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, வாடகைக்காரருக்குச் சாப்பாடு போட்டுக் குடும்பம் காத்த பெண்ணுக்கு, யாரோ ஒருவரின் கதையில்தான் இடம் கிடைக்கிறது.

வின்சென்றின் தங்கை அன்னா 1874இல் வந்து சிறிது காலம் அங்கே தங்கினார். ஆவணியில் இருவரும் கெனிங்ரன் வீதியிலுள்ள வேறு வீட்டுக்குப் போய்விட்டனர். அவர் இருந்தது ஒரேயொரு வருடம். வீடு 2012இல் ஏலத்தில் கைமாறியது. பின்னர் திருத்தவேலை நடந்தபோது தரைப் பலகைகளுக்கு அடியில் 1867ஆம் ஆண்டின் சிறு பிரார்த்தனைப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அதை வாசித்தவர் வான்கோவா என்றே பத்திரிகைகள் கேட்டன. அந்த வீட்டில் வேறு ஆட்களும் இருந்தார்களே என்று எனக்கு உடனே தோன்றிற்று.

திரும்பும்போது எதிரிலிருந்த சிறு தெருவில் சற்று உட்கார்ந்தேன். வாகனங்களை நிறுத்திப் பூஞ்செடி நட்டு, 2013இல் ‘வான்கோ நடைபாதை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் வீட்டின் முன்னறை யன்னல் தெரியும்.

அந்த ஞாயிறு இதழ் இப்போது வெளிவருவதில்லை. ஆகவே திருத்தத்தை இங்கே பிரசுரிக்கிறேன்: வீட்டுக்காரியின் மகள் பெயர் யூஜெனி. ஊர்சுலா, வீட்டுக்காரி.