1679 மே 27: பிரபுக்கள் அவையில் ஆட்கொணர்வுச் சட்டம்

1679 மே 27 அன்று இங்கிலாந்தின் மேலவையான பிரபுக்கள் அவை ஆட்கொணர்வுச் சட்டமுன்வரைவின் இறுதிக் கட்டத்தை முடித்தது. அன்றே அரசர் இரண்டாம் சார்லஸ் அதற்கு ஒப்புதல் அளித்தார். அன்றே கூட்டத்தொடரையும் முடித்துவைத்தார். அக்காலத்தில் இங்கிலாந்து பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால், இன்றைய கணக்கில் இந்த நாள் சூன் 6 ஆகும். சட்டத்தின் உயிரைக் காத்த வாக்கெடுப்பில் ஆதரவாக 57, எதிராக 55 என்று பதிவாகியுள்ளது. இரண்டே வாக்குகள் வேறுபாடு கொண்ட இந்த எண்ணிக்கை சரியானதுதானா என்ற ஐயம் இன்றுவரை நீடிக்கிறது.

பின்னணி

ஆட்கொணர்வு என்பது, சிறையில் உள்ள ஒருவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, அவர் எக்காரணத்தால் அடைக்கப்பட்டார் என்று தெரிவிக்கும்படி சிறைக் காப்பாளருக்கு நீதிமன்றம் இடும் ஆணையாகும். 'ஹேபியஸ் கார்பஸ்' என்னும் இலத்தீன் பெயர் அந்த ஆணையின் வாசகத்திலிருந்தே வந்தது. இந்த ஆணை 1679இல் புதிதாகப் பிறந்தது அன்று. பல நூற்றாண்டுகளாக இங்கிலாந்து நீதிமன்றங்களில் வழக்கில் இருந்தது. ஆனால் அதிகாரத்தில் இருந்தவர்கள் அதைத் தட்டிக்கழிக்கப் பல வழிகள் இருந்தன.

1627இல் முதலாம் சார்லஸ் அரசர் கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்க மறுத்துச் சிறைப்பட்ட ஐந்து வீரத்திருவாளர்கள் இந்த ஆணையைக் கோரினர். அரசரின் தனிக் கட்டளைப்படி அடைக்கப்பட்டுள்ளனர் என்பதே சிறைத் தரப்பின் பதில். நீதிபதிகள் அவர்களைப் பிணையில் விடவில்லை. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் உரிமை விண்ணப்பத்தின் வழியாக இதைக் கண்டித்தது. 1641இல் விண்மீன் மண்டப நீதிமன்றத்தை ஒழித்த சட்டம், அரசரின் கட்டளையால் சிறைப்பட்டவருக்கும் ஆட்கொணர்வு உண்டு என்றது. ஆயினும் ஓட்டைகள் அடைபடவில்லை.

1676இல் பிரான்சிஸ் ஜெங்க்ஸ் என்னும் இலண்டன் துணி வணிகர், புதிய நாடாளுமன்றம் கூட்டப்பட வேண்டும் என்று நகர மண்டபத்தில் பேசியதற்காக அடைக்கப்பட்டார். அவர் ஆட்கொணர்வு கேட்டபோது, நீதிமன்ற விடுமுறைக் காலத்தில் அதை வழங்க இயலாது என்று தலைமைச் சட்டப் பிரபு ஹெனேஜ் பிஞ்ச் மறுத்தார். குற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத ஒருவர், நாட்காட்டியைக் காரணம் காட்டிச் சிறையிலேயே வைக்கப்பட்டார்.

சட்டமுன்வரைவின் முதன்மை ஆதரவாளரான ஷாஃப்டஸ்பரி பிரபுவுக்கும் சிறை புதிதன்று. பதினைந்து மாதம் கூடாமல் இருந்த நாடாளுமன்றம் சட்டப்படி கலைந்துவிட்டது என்று 1677இல் வாதிட்டதற்காகப் பிரபுக்கள் அவையே அவரை இலண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பியது. அவர் ஆட்கொணர்வு கோரி அரச நீதிமன்றத்தை நாடினார். அவையின் உத்தரவில் தலையிட முடியாது என்று நீதிபதிகள் கைவிரித்தனர். ஏறத்தாழ ஓராண்டு அவர் அடைபட்டுக் கிடந்தார்.

1679ஆம் ஆண்டின் நெருக்கடி

1679 மார்ச்சில் புதிய நாடாளுமன்றம் கூடியது. அரசருக்குச் சட்டப்படியான பிள்ளைகள் இல்லை. அவருக்குப் பின் பட்டம் ஏற வேண்டியவர், கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்த அவரது தம்பி யார்க் கோமகன் ஜேம்ஸ். அவரை அரசுரிமையிலிருந்து விலக்க வேண்டும் என்பது ஷாஃப்டஸ்பரி அணியின் நோக்கம். விலக்கல் சட்டமுன்வரைவு மே 21 அன்று கீழவையான காமன்ஸ் அவையில் 207க்கு 128 என்ற வாக்குகளில் இரண்டாம் வாசிப்பைக் கடந்தது.

இதைத் தடுக்க அரசரிடம் ஒரு கருவி இருந்தது. அவர் கூட்டத்தொடரை முடித்துவைத்தால், நிறைவேறாமல் நிலுவையில் உள்ள எல்லாச் சட்டமுன்வரைவுகளும் காலாவதியாகிவிடும். விலக்கல் சட்டமுன்வரைவோடு ஆட்கொணர்வுச் சட்டமுன்வரைவும் அப்படியே மாய்ந்துபோகும் நிலை. காமன்ஸ் அவை நிறைவேற்றி அனுப்பிய அந்த முன்வரைவில் பிரபுக்கள் அவை பல திருத்தங்களைச் செய்திருந்தது. இரு அவைகளும் ஒரே வாசகத்துக்கு இணங்கினால்தான் அது அரசரிடம் செல்ல முடியும். அதற்குள் அரசர் வந்துவிட்டால் எல்லாம் வீண்.

அவையும் வாக்கெடுப்பு முறையும்

பிரபுக்கள் அவை அப்போது பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் ஒரு கூடத்தில் கூடியது. 1605இல் வெடிமருந்துச் சதியாளர்கள் தகர்க்க முயன்றது இதே கூடத்தைத்தான். பரம்பரைப் பிரபுக்களும் ஆயர்களும் அதன் உறுப்பினர்கள். தலைமைச் சட்டப் பிரபு கம்பளி திணித்த இருக்கையில் அமர்ந்து அவையை நடத்துவார். 1679இல் அப்பதவியில் இருந்தவர், ஜெங்க்ஸுக்கு ஆட்கொணர்வை மறுத்த அதே ஹெனேஜ் பிஞ்ச் ஆவார்.

இரு அவைகளுக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டால், இரு தரப்புப் பிரதிநிதிகளும் கூடிக் கலந்தாய்வு நடத்துவது வழக்கம். பிரபுக்கள் தொப்பியணிந்து அமர்ந்திருப்பார்கள். காமன்ஸ் உறுப்பினர்கள் தலைப்பாகம் திறந்தபடி நிற்பார்கள்.

குரல் வாக்கில் முடிவு தெளிவாகாதபோது தலை எண்ணப்படும். ஒரு தரப்பினர் வெளியே சென்று வாயில் வழியாகத் திரும்பி வருவார்கள். மறு தரப்பினர் இருக்கையிலேயே இருப்பார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஒருவராக இரண்டு எண்ணுநர்கள் நிற்பார்கள். ஒருவர் வாய்விட்டு எண்ண, மற்றவர் கவனித்துச் சரிபார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் பாதுகாப்பு முழுவதும் அந்த இரண்டாமவரின் கவனத்தைப் பொறுத்தது.

மே 27ஆம் நாள் அலுவல்

அன்று அவை முன் நின்ற கேள்வி, ஆட்கொணர்வு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. சட்டமுன்வரைவு குறித்துக் காமன்ஸ் அவையுடன் மீண்டும் ஒரு கலந்தாய்வு நடத்தலாமா என்பதே கேள்வி. பார்வைக்கு இது வெறும் நடைமுறைத் தீர்மானம். ஆனால் கலந்தாய்வு மறுக்கப்பட்டால் முன்வரைவு பிரபுக்கள் அவையிலேயே தங்கிவிடும். கூட்டத்தொடர் முடிந்ததும் மடிந்துவிடும்.

வாக்கெடுப்பில் ஆதரவு 57, எதிர்ப்பு 55 என அறிவிக்கப்பட்டது. கலந்தாய்வு நடந்து உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் அரசர் அவைக்கு வந்தார். காமன்ஸ் உறுப்பினர்கள் அழைக்கப்பட்டு அவையின் தடுப்புக்கு வெளியே நின்றனர். சட்டத்துக்கு அரசரின் ஒப்புதல், 'அரசர் விரும்புகிறார்' எனப் பொருள்படும் பழைய நார்மன் பிரெஞ்சுத் தொடரால் தெரிவிக்கப்படுவது மரபு. ஒப்புதலுக்குப் பின் கூட்டத்தொடர் ஆகஸ்ட் 14 வரை ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் அந்த நாடாளுமன்றம் மீண்டும் கூடவே இல்லை, சூலையில் கலைக்கப்பட்டது. விலக்கல் சட்டமுன்வரைவு அத்துடன் வீழ்ந்தது. ஆட்கொணர்வுச் சட்டம் பிழைத்தது.

எண்ணிக்கை பற்றிய ஐயம்

பின்னாளில் சாலிஸ்பரி ஆயரான கில்பர்ட் பர்னெட், தம் காலத்து வரலாற்று நூலில் இந்த வாக்கெடுப்பைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். ஆதரவுத் தரப்பின் எண்ணுநர் கிரே பிரபு. எதிர்த் தரப்பின் எண்ணுநர் நாரிஸ் பிரபு. நாரிஸ் எப்போதும் கவனமாக இருப்பவர் அல்லர். மிகப் பருமனான பிரபு ஒருவர் வாயிலில் நுழைந்தபோது, கிரே வேடிக்கையாக அவரைப் பத்துப் பேராக எண்ணினார். நாரிஸ் அதைக் கவனிக்கவில்லை என்று கண்டதும், திருத்தாமல் மேலே எண்ணிக்கொண்டே போனார். இவ்வாறு தோற்க வேண்டிய தரப்பு வென்றது என்கிறார் பர்னெட்.

இதை அப்படியே ஏற்க முடியுமா? பர்னெட் அப்போது பிரபுக்கள் அவை உறுப்பினர் அல்லர். பிறர் சொல்லக் கேட்டதையே எழுதியிருக்க வேண்டும். அவரது நூல் அவர் மறைவுக்குப் பின், 1724இல்தான் வெளிவரத் தொடங்கியது. ஆனால் அவையின் பதிவுகளும் ஐயத்துக்கு இடம் தருகின்றன. 57உம் 55உம் சேர்ந்தால் 112. அன்றைய வருகைப் பதிவில் உள்ளவர்களோ 107 பேர் மட்டுமே. வந்தவர்களைவிட வாக்குகள் ஐந்து கூடுதல்!

கணக்கைச் சற்று உற்றுநோக்கலாம். ஒருவரைப் பத்தாக எண்ணினால் ஒன்பது வாக்குகள் மிகும். அவற்றைக் கழித்தால் ஆதரவு 48, எதிர்ப்பு 55, மொத்தம் 103. வாக்களிக்காதவர் நால்வர் எனக் கொண்டால், இது 107 என்ற வருகைக்கு உட்பட்டே அமைகிறது. மறுபுறம், தாமதமாக வந்த சிலரை எழுத்தர் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கவும் கூடும். எனவே பர்னெட்டின் கதையைப் பதிவுகள் மெய்ப்பிக்கவில்லை, பொய்யாக்கவும் இல்லை. வெற்றியின் வேறுபாடு இரண்டு, கணக்கில் உள்ள முரண் ஐந்து என்பது மட்டும் உறுதி.

சட்டத்தின் கூறுகள்

இந்தச் சட்டம் உயர்ந்த கொள்கைகளை முழங்கவில்லை. நாள், தொலைவு, தண்டத்தொகை ஆகியவற்றையே அடுக்கிச் சொல்கிறது.

ஆணை கிடைத்ததும், 20 மைலுக்கு உட்பட்ட தொலைவானால் 3 நாட்களிலும், 100 மைல் வரை 10 நாட்களிலும், அதற்கு மேல் 20 நாட்களிலும் கைதியை நீதிபதி முன் கொண்டுவர வேண்டும். சிறைப்படுத்திய ஆணையின் படியைக் கேட்டால் 6 மணி நேரத்தில் தர வேண்டும். தவறும் காப்பாளருக்கு முதல் முறை 100 பவுண்டு தண்டம். மறுமுறை 200 பவுண்டு தண்டமும் பதவி இழப்பும். விடுமுறைக் காலத்திலும் நீதிபதிகள் ஆணை வழங்க வேண்டும். மறுக்கும் நீதிபதி பாதிக்கப்பட்டவருக்கு 500 பவுண்டு கொடுக்க வேண்டும். கைதிகளை ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜெர்சி, குயெர்ன்சி, தாஞ்சியர் முதலிய இடங்களுக்கு அனுப்பி நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் செய்வதும் தடுக்கப்பட்டது.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. விடுமுறை பற்றிய விதி, ஜெங்க்ஸுக்குச் சொல்லப்பட்ட சாக்கை அடைத்தது. தீவுகள் பற்றிய விதி, கைதிகளைத் தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்பியதாக 1667இல் கிளாரண்டன் பிரபு மீது எழுந்த குற்றச்சாட்டை நினைவூட்டுகிறது.

குறைகளும் தொடர்ச்சியும்

சட்டம் குற்ற வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தியது. குற்றம் சாட்டாமல் வேறு வகையில் அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கு 1816ஆம் ஆண்டுச் சட்டமே இவ்வசதிகளை விரிவாக்கியது. பிணைத்தொகைக்கு 1679ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைக்கவில்லை. மிகையான பிணை கேட்கக் கூடாது என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் பின்னர் கூறியது. நெருக்கடிக் காலங்களில் நாடாளுமன்றமே இச்சட்டத்தை நிறுத்தி வைத்ததும் உண்டு. 1689, 1794 ஆகிய ஆண்டுகள் அதற்குச் சான்று.

இந்தியாவில் ஆட்கொணர்வு மனு, அரசமைப்பின் 32ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்திலும், 226ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றங்களிலும் தாக்கல் செய்யப்படுகிறது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், இம்மனுவைத் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி எச். ஆர். கன்னா. அந்த உரிமை அங்கும் எண்ணிக்கையிலேயே தொங்கியது.

உரிமைகள் பேரறிவிப்புகளால் மட்டும் வாழ்வதில்லை. எத்தனை மணி நேரத்தில், எத்தனை மைலுக்கு, எவ்வளவு தண்டம் என்று எழுதி வைத்ததே 1679ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமை. அதை எழுதிய அவையோ, அன்று வாயிலில் நுழைந்தவர்களைச் சரியாக எண்ணியதா என்று உறுதியாகச் சொல்ல இயலாத நிலையை வரலாற்றுக்கு விட்டுச்சென்றது.