பக்கவாசலால் வந்த கிண்ணம்

கம்பளையில் பிறந்து வளர்ந்த தமிழன் ஒருவன், கண்டி அணியும் யாழ்ப்பாண அணியும் மோதும் நாளில் எந்தப் பக்கம் நிற்பான்? வெளிநாட்டிலிருக்கும் நண்பர்கள் இதை வேடிக்கையாகக் கேட்பதுண்டு. மண் ஒரு பக்கம் இழுக்கிறது. மொழி மறுபக்கம் இழுக்கிறது. 2022, 2023, 2024 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள், லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் பிளே-ஆஃப் கட்டத்தில் இவ்விரு அணிகளும் நேருக்கு நேர் சந்தித்தபோது, அந்த வேடிக்கைக் கேள்வி மலையகத்து வீடுகளில் மெய்யான கேள்வியாயிற்று.

அந்த மூன்று ஆண்டுகளின் கதையைச் சொல்லுமுன் வேறொரு நாட்டுக்குச் சென்று வரவேண்டும். அமெரிக்கர்களின் உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. ஆயினும் அவர்கள் உலகுக்குத் தந்த ஒரு சொல் பயனுள்ளது: 'வைல்ட் கார்ட்'. 1970இல் இரு பெரும் லீக்குகள் இணைந்தபோது, பிரிவில் முதலிடம் பெறாத அணிகளுள் சிறந்ததற்கும் இறுதிக் கட்டத்தில் இடமளிக்க ஏற்பாடு செய்தார்கள். முன்வாசல் பிரிவின் வெற்றியாளருக்கு, பக்கவாசல் இவர்களுக்கு. அவ்வாறு நுழைந்து சூப்பர் பௌல் கிண்ணத்தை முதன்முதலில் வென்றது ஓக்லண்ட் ரைடர்ஸ். 1981 ஜனவரியில் நடந்த இறுதிப்போட்டியில் அது பிலடெல்பியாவை 27–10 எனத் தோற்கடித்தது. 2008 பெப்ரவரியில் நியூயோர்க் ஜயன்ட்ஸ், அதுவரை தொடர்ந்து 18 போட்டிகளில் வென்றிருந்த நியூ இங்கிலாந்தை 17–14 என வீழ்த்தியது. எனினும் 2024ஆம் ஆண்டுப் பருவம் வரை இவ்வழியால் கிண்ணத்தை எட்டியவை ஏழே அணிகள். முன்வாசல்காரருக்குச் சொந்த மைதானமும், சில வேளைகளில் ஒரு சுற்று ஓய்வும் உண்டு. பக்கவாசல்காரர் பெரும்பாலும் ஊர் ஊராகச் சென்று வெல்லவேண்டும்.

நம் நாட்டில் 2020இல் தொடங்கிய லீக்கில் அணிகள் ஐந்து. அடுத்த கட்டத்துக்குச் செல்பவை நான்கு. முதலாம் தொடரிலேயே பக்கவாசல் திறந்தது. எட்டுப் போட்டிகளில் இரண்டில் மட்டுமே வென்று நான்காம் இடத்தில் ஒட்டிக்கொண்ட காலி அணி, அரையிறுதியில் கொழும்பை வென்று இறுதிப்போட்டிவரை சென்றது. அங்கே யாழ்ப்பாணம் 53 ஓட்டங்களால் அதை நிறுத்தியது. அவ்வாண்டும் மறு ஆண்டும் அடுத்த கட்டத்தை எட்டாமல் வெளியில் நின்ற ஒரே அணி கண்டி.

2021 முதல் முறைமை மாறியது. முதலிரு இடத்தினர் தமக்குள் மோதுவர். வென்றவர் நேரே இறுதிக்குச் செல்வர். தோற்றவருக்கு மறுவாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடத்தினருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒருமுறை தோற்றால் வீடுதான்.

2022இல் கண்டி பட்டியலின் உச்சியில் இருந்தது. முன்வாசலால் நுழைந்த அந்த அணி முதலில் யாழ்ப்பாணத்திடம் தோற்றது. மறுவாய்ப்பில் கொழும்பிடமும் தோற்றது. கிண்ணம் யாழ்ப்பாணத்துக்குச் சென்றது.

2023இல் கண்டி பெற்றது மூன்றாமிடம். இனி மூன்று போட்டிகள், மூன்றிலும் வெற்றி, வேறு வழியில்லை. முதல் எதிரி யாழ்ப்பாணம். அணித்தலைவர் வனிந்து ஹசரங்க 9 ஓட்டங்களைக் கொடுத்து 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார்; கண்டி 61 ஓட்டங்களால் வென்றது. அடுத்து காலியை 34 ஓட்டங்களால் வென்றது. தொடரில் அதிக ஓட்டங்கள் 279, அதிக விக்கெட்டுகள் 19, இரண்டுமே ஹசரங்கவுடையவை. ஆனால் ஓகஸ்ட் 20 அன்று கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் அவர் இல்லை. காயம் அவரை வெளியில் இருத்தியிருந்தது. ஏஞ்சலோ மெத்திவ்ஸ் தலைமையேற்றார். பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த தம்புள்ளையை 5 விக்கெட்டுகளால் வென்று கண்டி முதன்முறையாகக் கிண்ணத்தை ஏந்தியது.

முதலிடத்தில் நின்ற ஆண்டில் கிட்டாதது மூன்றாமிடத்தில் நின்ற ஆண்டில் கிட்டியது. இது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. பல வாரங்கள் உழைத்துப் பெற்ற முதலிடத்தை ஓர் இரவு அழித்துவிடலாமா? என் எண்ணம் வேறு. முதலிடத்துக்குரிய பரிசு கிண்ணமன்று. ஒருமுறை தோற்கும் உரிமை. 2022இல் கண்டி அந்த உரிமையைப் பயன்படுத்தி, அதன் பின்னும் தோற்றது. 2023இல் அந்த உரிமை இல்லாமலே வென்றது. இரு ஆண்டுகளிலும் விதி ஒன்றே.

2024 இதை மறுபுறமாய்க் காட்டியது. நான்காமிடத்தில் நுழைந்த கண்டி கொழும்பை வென்றது. எதிரே மறுபடியும் யாழ்ப்பாணம். இரண்டாமிடத்தில் இருந்த யாழ்ப்பாணம் அதற்குமுன் காலியிடம் தோற்று, அந்த மறுவாய்ப்பால்தான் களத்தில் நின்றது. ஒரே ஓர் ஓட்டத்தால் கண்டி தோற்றது. யாழ்ப்பாணம் இறுதியில் காலியை வென்று நான்காவது கிண்ணத்தைப் பெற்றது. இவ்வாறு ஐந்து தொடர்களில் நான்கு கிண்ணங்கள் யாழ்ப்பாணத்துக்கு; எஞ்சிய ஒன்று கண்டிக்கு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதினான்காம் நூற்றாண்டில் அரசர்களின் தலைநகராயிருந்த கம்பளை, இன்று கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குச் செல்லும் புகையிரதம் நின்று செல்லும் ஒரு நகரம். இங்குள்ள தமிழனிடம் யாழ்ப்பாணத்தின் நான்கு கிண்ணங்களைச் சொன்னால் முகம் மலர்வான். கண்டியின் ஒரு கிண்ணத்தைச் சொன்னால், அது எவ்வழியால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வான். பட்டியலின் நடுவில் நின்று, மறுவாய்ப்பு இன்றி, ஒவ்வொரு படியையும் வென்றே ஏறவேண்டியவர்களின் கதை மலையகத்துக்குப் புதிதன்று. அதனால்தானோ என்னவோ, அந்த ஒன்றைச் சற்று நீட்டியே சொல்கிறான்.