பிக்சாரைக் காப்பாற்றிய வீட்டுக் கம்ப்யூட்டர்



கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள் எல்லாமே ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதாக உங்களில் பலர் சொல்கிறீர்கள். உங்களுக்காகவே இன்று கொஞ்சம் வரலாறு.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் நிறுவனம் 1956-இல் அறிமுகப்படுத்தியது. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போன் படம் ஒன்றுகூட அதில் அடங்குவது சந்தேகம்தான்!

டிஸ்க் பழுதாகும் என்ற பயமும் கூடவே வளர்ந்தது. 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 'ரெய்டு' பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அதில் ஒரு வகை, ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுவது. ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும். ஆனால் நாம் ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும்.

1990களில் நியூசிலாந்திலிருந்து 'கோஸ்ட்' என்ற மென்பொருள் வந்தது. விண்டோஸ் உட்பட டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுக்கும். இதற்கு இமேஜ் என்று பெயர். கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இது உதவும். ஆனால் நகலெடுத்த நாளுக்குப் பிறகு சேர்த்தவை அதில் இருக்காது. அதற்காகத்தான், புதிதாக மாறியதை மட்டும் அவ்வப்போது சேர்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது.

இத்தனை வழிகள் இருந்தும் 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் என்ன நடந்தது தெரியுமா? தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. யாரும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். படம் பிழைத்தது.

அந்த நகல் வேறொரு வீட்டில் இருந்தது. திறந்து பார்த்தால் திறந்தது. உங்கள் நகலுக்கும் இந்த இரண்டும் வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வெளியிடத்தில் என்பது புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு. முடியாதவர்கள் இன்னொரு டிஸ்க் வாங்கி, படங்களை நகலெடுத்து, அண்ணன் தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இந்த ஞாயிறு வீட்டுப்பாடம்: உங்கள் பேக்கப்பில் ஏதாவது பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். திறந்ததா என்று கீழே எழுதுங்கள். நான் திருத்தக் காத்திருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.