தாதரின் பூங்காக்கள்: அமைத்தோரும் காப்போரும்

மாலையில் அலுவலகப் பேரேடுகளை மூடி வைத்துவிட்டு, தாதர் நிலையத்து நெரிசலினின்றும் விடுபட்டு, கிழக்கே நடந்து சென்று, ஃபைவ் கார்டன்ஸ் என வழங்கும் ஐந்து தோட்டங்களின் மரநிழலிற் சற்று நேரம் அமர்ந்திருத்தல் நமக்கு இருபதாண்டுப் பழக்கம். அங்கே அமருந்தோறும் ஒரு வினா நம் உள்ளத்தில் எழுவதுண்டு. ஒரு முழ நிலமும் பொன் விலை பெறும் இம்மாநகரில், இத்துணைப் பெரிய நிலப்பரப்பு, வீடாகாமலும் கடையாகாமலும் புல்லும் மரமுமாகவே ஏறக்குறைய நூறாண்டு நின்றது எவ்வாறு? இதனை ஒதுக்கியவர் யாவர்? காத்தவர் யாவர்?

இவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. நாம் புலவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் வரை பயின்று ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். ஆயினும், சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட அன்பர்களிடம் இப்பொருளையே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டோம். அதற்கு நம் காலனிக்குள்ளேயே எழுந்துள்ள காரணம் ஒன்றுண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

கொள்ளைநோய் தந்த பாடம்

1896-ஆம் ஆண்டில், அந்நாளில் பம்பாய் எனப்பெற்ற மும்பையில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் கொள்ளைநோயாகிய பிளேக் தோன்றியது. டாக்டர் அகாசியோ வீகாஸ் என்பார் இஃது இன்ன நோயென முதலிற் கண்டுரைத்தார். நோய் விரைந்து பரவியது. மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு ஓடினர். காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளும், வீட்டோடு வீடு ஒட்டிய சந்துகளும், கழிவுநீர் தேங்கிய சாக்கடைகளும் நகரைக் கொல்கின்றன என்பதை ஆட்சியாளர் அப்போதுதான் உணர்ந்தனர்.

அதன் பயனாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்புச் சட்டத்தின்படி நிறுவப்பெற்றது. நெரிசலான பகுதிகளைப் பிளந்து அகன்ற சாலைகள் இடுதலும், வடக்கே புதிய குடியிருப்புகளை வகுத்தலும் அதன் பணிகள். 1899-1900-இல் தீட்டப்பெற்ற தாதர், மாதுங்கா, வடாலா, சயான் திட்டமே இந்நகரில் முறையாக வகுக்கப்பெற்ற முதற் புறநகர்த் திட்டம் என்பர். தாதர்–மாதுங்காப் பகுதியில் மட்டும் 440 ஏக்கர் நிலத்தில் 60,000 மக்களைக் குடியேற்றக் கருதினர்.

ஈண்டு நாம் கருதவேண்டுவது ஒன்று. அக்காலத்தார் பூங்காவை ஆடம்பரமாக எண்ணினார் அல்லர், மருந்தாக எண்ணினர். சாக்கடை, சாலை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றைப் போலத் திறந்த வெளியும் நோய் தடுக்கும் ஏற்பாடுகளுள் ஒன்று என்றே வரைபடத்திற் குறித்தனர். அவ்வாறு வகுத்த பகுதியில் டிரஸ்டின் பொறியாளராக விளங்கிய மஞ்சேர்ஜி எடல்ஜி ஜோஷி என்னும் பார்ஸிப் பெரியார், தம் சமூகத்து நடுத்தரக் குடும்பங்களுக்கென 103 மனைகளைக் கேட்டுப் பெற்றார். தாதர் பார்ஸி காலனி தோன்றிய வரலாறு இதுவே. ஐந்து தோட்டங்களும் இன்று அப்பெரியாரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அக்காலனித் தெருக்களில் நடப்போர், மரங்களைத் தெருவுக்குத் தெரு எண்ணி நட்ட ஒழுங்கை இன்றும் காணலாம்.

மாதுங்காவில் வீடுகள் எழுந்த காலத்தில்தான், ரயில்வேயிலும் வங்கிகளிலும் வர்த்தக நிறுவனங்களிலும் வேலை தேடி வந்த நம்மவர் ஈண்டுக் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றுமளவிற்கு அவர் தொகை பெருகியது. ஆகவே, பிளேக்கின் பின் எழுந்த இப்பூங்காக்களின் நிழல், தமிழ்க் குழந்தைகள் பல தலைமுறையாக ஓடியாடிய நிழலுமாகும்.

சிவாஜி பூங்கா

தாதர் நிலையத்திற்கு மேற்கே, கடலை அடுத்துள்ள சிவாஜி பூங்காவின் வரலாறு சற்று வேறானது. 1925-இல் நகரசபை மாஹிம் பூங்கா என்னும் பெயரால் இதனை அமைத்தது. 1927-இல், நகரசபை உறுப்பினராயிருந்த அவந்திகாபாய் கோகலே அம்மையாரின் முயற்சியால் சிவாஜி பூங்கா எனப் பெயர் மாறியது. பரப்பு ஏறத்தாழ 28 ஏக்கர். குதிரைமேல் அமர்ந்த சிவாஜி மன்னரின் சிலை 1966-இல் நிறுவப்பெற்றது.

இத்திடலைச் சுற்றிக் கட்டா எனப்படும் தாழ்ந்த சுவர் ஒன்றுண்டு. அதனை ஒட்டிய நடைபாதையை ஒருமுறை சுற்றிவந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகும். காலையில் முதியோர் நடப்பதும், பகலிற் சிறுவர் பந்தாடுவதும், மாலையிற் குடும்பங்கள் அச்சுவர்மீது வரிசையாக அமர்வதும் இத்திடலின் அன்றாடக் காட்சிகள். ரமாகாந்த் ஆச்ரேகர் என்னும் ஆசான் சச்சின் டெண்டுல்கருக்குக் கிரிக்கெட் பயிற்றியது இம்மண்ணிலேதான். சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தின் மாபெருங் கூட்டங்கள் கூடியதும் இங்கேதான்.

பயன் பெருகப் பெருகச் சச்சரவும் பெருகும். கூட்டங்களின் ஒலிபெருக்கி ஓசையைப் பொறாத அக்கம்பக்கத்தார் உயர்நீதிமன்றத்தை நாடினர். 2010-இல் நீதிமன்றம் இத்திடலை அமைதி மண்டலமாக அறிவித்தது. சிறப்பான சில நாட்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. செம்மண் புழுதி வீட்டுக்குள் வருகிறது என்னும் முறையீடும் நெடுநாளையது. புல் வளர்த்தால் ஆடுவோர் கால் அதனைத் தேய்க்கிறது. புல் இல்லையேல் புழுதி பறக்கிறது. நீர் தெளிக்கவென மழைநீர் சேமிப்புக் கிணறுகளும் அமைத்துப் பார்த்தனர். ஆடுவோன், நடப்போன், அயலான் ஆகிய மூவர்க்கும் நியாயம் செய்தலே திடலை ஆளுவோர்க்குரிய தீராத வேலை எனலாம்.

மேற்பார்வை என்பது யாது?

1933-இல் டிரஸ்டின் பொறுப்புகள் யாவும் நகரசபையிற் சேர்ந்தன. இன்று மும்பை மாநகராட்சியின் தோட்டத் துறை இவற்றை மேற்பார்க்கின்றது. அத்துறையின் தலைமை இடம், 1862-இல் மக்களுக்குத் திறக்கப்பெற்று, ராணி பாக் எனவும் ஜீஜாமாதா உத்யானம் எனவும் வழங்கும் பைகுல்லாத் தோட்டத்தில் உள்ளது.

பூங்கா மேற்பார்வை என்றால் பூச்செடிக்கு நீர் வார்த்தல் என நினைப்பாரும் உளர். அஃது அவ்வளவில் நிற்பதன்று. பருவமழைக்கு முன் பட்ட கிளைகளைக் கழிக்க வேண்டும்; கழிக்காவிடில் ஜூன் மாதக் காற்றில் அவை வழிப்போக்கர் தலையில் விழும். ஊஞ்சற் சங்கிலியும் சறுக்குமரத்தின் விளிம்பும் தேய்ந்தனவா எனப் பார்க்க வேண்டும். நடைபாதையிற் பெயர்ந்த கல்லை உடனே பதிக்க வேண்டும். வாயிலைக் குறித்த நேரத்தில் திறந்து மூடவேண்டும். ஒரு மரத்தை வெட்டுவதானாலும் 1975-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற்றே வெட்ட வேண்டும்.

இவற்றினும் பெரிய வேலை ஒன்றுண்டு. நகர வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல், பொழுதுபோக்குத் திடல் என நிலங்கள் வகைப்படுத்தி எழுதப்பட்டுள்ளன. எழுதிய வகை மாறாமற் பார்த்துக்கொள்ளுதலே அப்பெரிய வேலை. பராமரிப்புச் செலவு குறையட்டும் எனத் திடல்களைத் தனியார் அமைப்புகளிடம் தத்துக் கொடுக்கும் முறை இந்நகரில் இருந்தது. சில இடங்களில் மக்கள் நுழைவதற்கே தடை ஏற்பட்டதாகக் கூக்குரல் எழவே, 2016-இல் அம்முறை நிறுத்தி வைக்கப்பெற்றது. தத்துக் கொடுத்த பிள்ளையையும் பெற்றவர் போய்ப் பார்த்து வரவேண்டும் போலும்!

பெயர் மட்டும் எஞ்சிய பூங்கா

இனி, அன்பர்களைச் சென்னைக்கு அழைத்துச் செல்வோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம்மவர் பலர், சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு சாலையைக் கடந்து, எதிரிலுள்ள பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறுகின்றோம். பெயர்ப் பலகையில் பூங்கா இருக்கிறது. பூங்கா எங்கே என நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

1859-இல் சென்னை ஆளுநராயிருந்த சார்லஸ் டிரவெலியன் என்பார் அங்கே மக்கள் பூங்கா ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் பரப்பு 116 ஏக்கர். அஃதாவது நம் சிவாஜி பூங்காவைப் போல் நான்கு மடங்கு. குளங்களும் பாதைகளும் இருந்தன. பின்னர் மிருகக்காட்சிசாலையும் அங்கு வந்தது.

அப்பூங்காவைப் பகைவர் எவரும் அழித்தாரல்லர். பொதுமண்டபம் வேண்டுமெனின் யார் மறுப்பர்? 1880-களில் விக்டோரியா மண்டபத்திற்கு ஒரு மூலை சென்றது. அங்காடி வேண்டுமெனின் யார் மறுப்பர்? 1900-இல் மூர் மார்க்கெட் எழுந்தது. நகராட்சிக்கே அலுவலகம் வேண்டாமா? 1913-இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பெற்றது. விளையாட்டரங்கம் நல்லதன்றோ? அதற்கும் இடம் ஒதுக்கினர். அவ்விடத்தில் இன்று நிற்பது 1993-இற் கட்டிய நேரு விளையாட்டரங்கம். 1985-இல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டே மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று; அந்த இடத்தில் எழுந்தது நம் ரயில்வேயின் கட்டடமே. அதில் நாம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியிருக்கின்றோம். அது பயனற்றது என எந்நாவாற் கூறுவோம்?

இவற்றுள் ஒன்றேனும் தீய காரியமன்று. ஒவ்வொன்றும் நற்காரியம், ஒவ்வொன்றும் கேட்டது ஒரு மூலை மட்டுமே. மூலைகள் யாவும் போனபின் நடு எங்கே நிற்கும்?

1859-க்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1959-இல், பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கச் சென்னை மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. உள்ளாட்சி மன்றங்கள் தம் எல்லையிலுள்ள பூங்காக்களையெல்லாம் பட்டியலிட வேண்டும்; பட்டியலிற் கண்ட நிலத்தை அரசின் முன்னனுமதியின்றி வேறு காரியத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். காவலனையும் வேலியையும் விட முதலிற் பட்டியலைக் கேட்டார்களே, அதனைப் படித்தபோது குமாஸ்தாவாகிய நமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. ஏட்டில் ஏறாத பொருள் களவு போனால் கேட்பாரில்லை என்பதை நாம் அலுவலகத்தில் நாள்தோறும் காண்கின்றோம்.

இழந்ததை மீட்டோரும் உளர்

நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. தாராவியை அடுத்து, மீட்டி ஆற்றங்கரையில், நகரத்துக் குப்பையெல்லாம் கொட்டிய மேடு ஒன்றிருந்தது. அக்குப்பை மேட்டின்மேல் மண்ணிட்டு மரம் வளர்த்து, 37 ஏக்கர் சோலையாக்கி, 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா எனத் திறந்தனர். தாராவியிலிருந்து நம் குழந்தைகள் நடந்தே சென்று பறவையும் வண்ணத்துப்பூச்சியும் காணத்தக்க இடம் அது.

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் மேம்பாலத்தின் அடியில் வண்டிகளும் குப்பையும் சேர்ந்து கிடந்ததை அன்பர்கள் மறந்திரார். அங்குள்ள குடியிருப்போர் விடாது முறையிட்டுப் போராடியதன் பயனாக, 2016-இல் அவ்விடம் நானாலால் மேத்தா தோட்டமாயிற்று. நர்மதை ஆற்றின் போக்கைப் போல் வளைந்து செல்லும் அதன் நடைபாதை ஏறக்குறைய 600 மீட்டர் நீளமுடையது. அதனைப் பெற்றுத் தந்தது பெருஞ்செல்வமன்று. சலியாது மனுக் கொடுத்த அயலாரின் பொறுமையே.

நம் காலனித் திடல்

தொடக்கத்திற் குறித்த காரணத்திற்கு இப்போது வருவோம். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், காலனிக் குழந்தைகளின் விளையாட்டுத் திடலில் ஒரு மூலையில், நம் விழாக்களுக்கென நிலையான மேடையும் சாமான் அறையும் கட்டலாம் என ஒரு யோசனை எழுந்தது. ஆண்டுதோறும் பந்தற் செலவு மிச்சமாகும் என்பது அதன் நோக்கம். யோசனை கூறியவர் காலனியின் நன்மையையே கருதினர்; அதில் ஐயமில்லை. அந்த விண்ணப்பத்தில் நாமும் கையொப்பமிட்டோம்.

மக்கள் பூங்காவின் வரலாற்றைப் படித்த பின்னர், அக்கையொப்பம் நம்மை உறுத்துகின்றது. நாம் கேட்டதும் நற்காரியத்திற்கு ஒரு மூலை மட்டுமே அன்றோ? அந்த மூலையிலேதான் பையன்கள் மூன்று குச்சி நடுகின்றனர். முதிய தாய்மார் மாலையில் நாற்காலி போட்டு அமரும் வேப்பமரமும் அங்கேதான் நிற்கின்றது. ஆதலின், நம் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டிச் செயற்குழுவிற்குக் கடிதம் கொடுத்துள்ளோம். உடன் கையொப்பமிட்ட நண்பர்கள் நம்மீது வருத்தங்கொள்ளலாம். அவர்களும் ஒருநாள் மாலை அத்திடலில் அமர்ந்து எண்ணிப் பார்த்தருள வேண்டுகின்றோம்.

பந்தல் மூன்று நாள் நிற்கட்டும். நான்காம் நாள் பிரித்து, குழிகளை மூடி, திடலைப் பிள்ளைகளிடமே திரும்பத் தந்துவிடுவோம். பந்தற் செலவிற்கு நம்மாலியன்றதை ஆண்டுதோறும் தரச் சித்தமாயிருக்கின்றோம்.

மற்றொரு சிறு பணியும் செய்துள்ளோம். ஒரு குறிப்பேடு வாங்கி, முதற்பக்கத்தில் திடலின் நீள அகலத்தை அளந்து எழுதினோம். அடுத்த பக்கத்தில் மரங்களை எண்ணி எழுதினோம்; சிறிதும் பெரிதுமாகப் பதினொன்று உள்ளன. ஊஞ்சல் இரண்டு, சறுக்குமரம் ஒன்று, விளக்குக் கம்பம் நான்கு. இக்குறிப்பேட்டை ஆண்டுவிழாவன்று சங்கக் காரியதரிசியிடம் ஒப்படைப்போம். அடுத்த ஆண்டு விழாவில் எவரேனும் அதனைப் பிரித்து மீண்டும் எண்ணிப் பார்ப்பார்களாக. எண்ணிக்கை குறையாதிருப்பின், அதுவே சங்கத்திற்கு நாம் அளிக்கும் ஆண்டுவிழா வாழ்த்தாகும்.